ஐந்தாம் தேதிப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இதை எழுதுவது என் மருமகள் பூங்கொடி. எனக்குக் கைநாட்டுத்தான். நான் சொல்வதைப் பேச்சுப்போக்கில் எழுதாதே, நோட்டில் ஏறுவது நோட்டுக்குத் தகுந்த மாதிரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு சொல் மாறினாலும் பொய்யாகிவிடும்.

சேலத்து டாக்டர் சொன்ன வேலை இது. அன்றன்று நடந்ததை எழுதிவைத்து அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னார். எனக்கு ஞாபகம் போகிறதாம். சிரிப்பு வந்தது. அவர் மூன்று சொல் சொன்னார். நடுவில் ஊர், பேர், இன்று என்ன கிழமை என்று பேசிவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். சாவி என்றேன். மற்ற இரண்டையும் அவர் வாய்க்குள்ளேயே முனகியிருந்தார். காதில் விழாததை நான் எப்படிச் சொல்ல?

1971 ஐப்பசியில் நான் தனியாகப் பிரித்துப் பூட்டிய முதல் என்ஜின் எந்த வண்டியுடையது, அதன் எண் என்ன, அதை ஓட்டிய காதர் பாய் எந்தப் பல்லுக்குத் தங்கம் கட்டியிருந்தார், எல்லாம் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். சங்ககிரி லாரி ஸ்டாண்டில் ஒரு வழக்கென்றால் இன்றைக்கும் நாச்சிமுத்து மேஸ்திரியைத்தான் கூப்பிடுவார்கள். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், எந்த வண்டிக்கு என்ன சாமான் எப்போது மாற்றியது, எல்லாம் என் வாயில் இருக்கிறது. தாளைக் காட்டியவனையே என் சொல்லை வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூங்கொடி இந்த நீள நோட்டை வாங்கினாள்.

ஜூன் 4, புதன்

ஒன்றும் விசேஷமில்லை. வெயில். கொள்ளு ரசம்.

ஜூன் 5, வியாழன்

நாற்பத்திரண்டு பதினேழுக்கு ஆயில் சேம்பர் ஒழுகுகிறது. எங்களுக்கு இருப்பது இந்த ஒரே லாரி. 96 மாடல், ஆறு சிலிண்டர். வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வாங்கிய நாளிலிருந்து வெள்ளியங்கிரிதான் ஓட்டுகிறான். வேறு யார் கை வைத்தாலும் அந்தக் கியர் முரண்டு பிடிக்கும்.

காலையில் பட்டறைக்குள் விட்டான். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, இருவரும் அடியில் படுத்துச் சேம்பரை இறக்கினோம். சேம்பர் என்பது என்ஜினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி. அதற்குள் ஒரு குழாய் இறங்கி நிற்கும், முனையில் சல்லடை. அந்தக் குழாய் உறிஞ்சி மேலே அனுப்பினால்தான் என்ஜினுக்கு எண்ணெய். இதெல்லாம் பூங்கொடிக்காகச் சொல்கிறேன், டாக்டருக்கும் தெரியாது.

சல்லடையைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டேன். குழாயின் வாயில் துணியை அடைத்தேன். பட்டறைக்கு முன்னாலேயே ரோடு, மண் பறக்கிறது. ஒரு மணல் உள்ளே போனால் போதும், பேரிங்கைத் தின்றுவிடும். திறந்த துவாரத்தைத் துணியால் மூடாமல் நான் எழுந்ததே இல்லை, ஐம்பது வருஷப் பழக்கம். துணி, பூங்கொடி பழசென்று கழித்துக் கொடுத்த நைட்டியில் கிழித்தது. மஞ்சள் பூப் போட்டது. இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது அம்மணி, எல்லாவற்றையும் எழுதத்தானே டாக்டர் சொன்னார்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். அரிசிம்பருப்புச் சாதம், தயிர். திரும்பி வரும்போது வெள்ளியங்கிரி லோடு பிடிக்கப் புக்கிங் ஆபீசுக்குப் போயிருந்தான். நானே சல்லடையைப் பூட்டி, விளிம்பில் ஒழுகாமல் இருக்கப் புதுப் பேக்கிங் வைத்து, ஜாக்கியால் சேம்பரைத் தூக்கி எல்லா போல்ட்டும் முடுக்கினேன். எண்ணெய் ஊற்றும்போது அவன் வந்துவிட்டான்.

"எல்லாம் பாத்துட்டீங்களா மேஸ்திரி?" என்றான்.

"யாரக் கேக்கற? நீ ஸ்டேரிங் புடிக்கறதுக்கு முந்தியே நான் சேம்பர் இறக்குனவன்."

"தெரியாமக் கேட்டுட்டனுங்க சாமி," என்று கும்பிட்டுச் சிரித்தான்.

மூன்று மணிக்கு நான் போய்ச் சோறு கேட்டேனாம். பூங்கொடி சொல்கிறாள். வேலை செய்தவனுக்குப் பசிக்காதா?

ஜூன் 6, வெள்ளி

ஜவ்வரிசி லோடு ஏற்றினார்கள். நாளை விடிந்ததும் நாக்பூருக்குக் கிளம்புகிறது.

ஜூன் 7, சனி

முற்பகலில் போன் வந்தது. என் மகன் லோகநாதன் எடுத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். சூளகிரி ஏற்றத்துக்கு முன்னால் எண்ணெய் கேஜ் முள் விழுந்துவிட்டதாம். வெள்ளியங்கிரி வண்டியை ஓரங்கட்டி அளவுக் கம்பியை உருவிப் பார்த்திருக்கிறான். எண்ணெய் முழுசாக இருக்கிறது, ஓட்டலாமா வேண்டாமா என்று கேட்கிறான்.

லோகு சொன்னான்: "ஆயிலு இருக்குதல்ல? அப்பறம் என்ன? கேஜ் வொயரு லூசா இருக்கும். ஓசூர்ல போயிப் பாத்துக்கலாம், ஓட்டிட்டுப் போ."

அரை மணி நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது. ஏற்றத்தின் நடுவில் என்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது.



ஜூன் 8, ஞாயிறு

லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, நாற்பத்திரண்டு பதினேழைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். செத்த மாட்டை இழுத்து வந்த மாதிரி இருந்தது. வெள்ளியங்கிரி சட்டையெல்லாம் எண்ணெய். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

பிடித்துக்கொண்ட என்ஜினுக்கு முன்னால் ஆத்திரம் ஆகாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் ஒரு தடவை டக் என்றது, அவ்வளவுதான். செல்ஃபே சிக்கியிருக்கலாம் என்று அதைக் கழற்றி வெளியே வைத்தேன். கியரை நியூட்ரலில் போட்டு, கிளட்சையும் மிதிக்கச் சொன்னேன். இதனால் கியர்பாக்ஸ் மேல் சந்தேகம் போகும். பெல்ட்டைக் கழற்றினேன். முன்பக்கத்து நட்டில் நீள இரும்புப் பாரைக் கொடுத்து லோகுவும் வெள்ளியங்கிரியும் தொங்கினார்கள். மயிரளவும் அசையவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலும் இப்படித்தான் நிற்கும். டீசல் தெளிக்கிற ஆறு நாசிலையும் கழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மீதி இருப்பது அடிவயிறுதான். சுழல்கிற கிராங்க் தண்டும் அதைத் தாங்குகிற பேரிங்கும்.

லோகு பாரைத் தூக்கி எறிந்தான். "ஆயிலில்லாம ஓட்டியிருக்கான். வேறொன்னும் இல்ல."

"கம்பிய உருவிப் பாருங்க, முழுசா இருக்குது," என்றான் வெள்ளியங்கிரி.

"நின்னதுக்கப்பறம் ஊத்தியிருப்ப. எங்களுக்குத் தெரியாதா உங்க வித்தை?"

"ஏனுங்க, நான் போன் பண்ணிக் கேட்டனல்லங்க? நீங்கதான ஓட்டிட்டுப் போன்னீங்க?"

லோகு அடிக்கப் போனான். நான் குறுக்கே போனேன். கம்பியிலிருந்த எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தேன். நிறைய மினுமினுப்பு, பேரிங் அரைபட்ட தூள். மேலே புதுசு அடியில் பழசு என்றில்லாமல் எல்லாம் ஒரே நிறம். பிறகு ஊற்றிய எண்ணெய் இப்படிக் கலந்திருக்காது. "இவன் ஊத்தலடா," என்றேன்.

அந்த நேரத்தில் வெள்ளியங்கிரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

ஜூன் 9, திங்கள்

இடுப்பு வலி. படுத்திருந்தேன். இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சேம்பரை இறக்கினோம். நான், லோகு, பக்கத்துப் பட்டறை ஆள் ஒருவன். வெள்ளியங்கிரி வெளியே உட்கார்ந்திருந்தான், லோகு அவனை உள்ளே விடவில்லை.

தொட்டியின் அடியில் பேரிங் தகடு சுக்குச்சுக்காகக் கிடந்தது. மூன்றாவதும் நான்காவதும் கிராங்க்கோடு ஒட்டிப்போய், அந்த இடம் நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் இல்லாமல் எரிந்த நீலம் அது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் மேலே ஒரு சொட்டு ஏறவில்லை. ஏன்? சல்லடையைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. குழாயையும் கழற்றி ஊதிப் பார்த்தேன். காற்றுப் போகவில்லை. கம்பியைக் கொக்கியாக வளைத்து விட்டு இழுத்தேன். வந்தது. துணி.

கையளவுத் துணி. முதலில் வாயோரம் நின்று கொஞ்சம் வழி விட்டிருக்கும். எண்ணெய் சூடேறி இளகியதும் உறிஞ்சலில் உள்ளே நகர்ந்து, வளைவில் போய் அடைத்துக்கொண்டது.

டீசலில் அலசினேன். மஞ்சள் பூ தெரிந்தது. எவளோ ஒருத்தி கட்டிக் கிழித்த துணி. வெள்ளியங்கிரி வீட்டிலிருந்து கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். சேம்பர் இறக்கிய அன்று அடியில் என்னோடு படுத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். நான் சாப்பிடப் போன நேரத்தில் செய்திருக்கிறான். சம்பளத்தில் ஏதோ மனத்தாங்கல் என்று லோகு சொல்கிறான். இருபத்திரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

துணியைக் கொண்டுவந்து பூங்கொடியிடம் காட்டினேன். பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழுது அம்மணி என்று கூப்பிட்டேன். வந்து எழுதுகிறாள். முகம் ஈரமாக இருக்கிறது. அவளுக்கும் வெள்ளியங்கிரி அண்ணன் மாதிரி.

ஜூன் 12, வியாழன்

ஸ்டாண்டில் கூடினார்கள். புக்கிங் ஆபீஸ் ராசப்பன் நாற்காலி போட்டான். வண்டிக்கார முதலாளிகள் பதினெட்டுப் பேர். லோகு துணியை மேசைமேல் வைத்தான்.

"மேஸ்திரி சொல்லட்டும்," என்றான் ராசப்பன்.

சொன்னேன். எத்தனை மணிக்கு இறக்கினோம், எத்தனை போல்ட், எந்தக் கடைப் பேக்கிங், ஒன்று விடாமல் சொன்னேன். "குழாயை நான் சுத்தமாத்தான் பூட்டுனேன். துணிய வெச்சவன் இவன்," என்றேன்.

வெள்ளியங்கிரி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீ என்ன சொல்கிறாய் என்று ராசப்பன் கேட்டான். போனில் லோகு சொன்னதை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேஸ்திரி சொன்னா எல்லாருக்கும் சரிதானுங்களே. நான் சொல்லி என்னாகப் போகுதுங்க," என்றான்.

என்ஜினைப் பிடிக்க வைத்த டிரைவரைக்கூட எவனாவது கூப்பிட்டு வேலை கொடுப்பான். என்ஜினுக்குள் துணி வைத்தவனுக்கு ஒருவனும் சாவியைக் கொடுக்கமாட்டான். இங்கே மட்டுமல்ல, நாமக்கல், திருச்செங்கோடு எங்கேயும். ராசப்பன் அப்போதே போனில் எல்லா ஊர் ஆபீசுக்கும் சொல்லிவிட்டான்.

திரும்பி வரும்போது என்னவோ நெஞ்சில் லேசாக இருந்தது. நியாயம் சொல்லி முடித்த நாளில் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

மாமா இன்று ஒன்றும் சொல்லவில்லை. இது நானே எழுதுவது. 5ஆம் தேதிப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பத்தாம் தேதியே படித்திருக்க வேண்டும். வீட்டுக்காரரை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். — பூங்கொடி

ஜூன் 14, சனி

நேற்று இந்தப் பெண்ணை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். நீயாக எழுதிக்கொண்டாய், எனக்குப் படிக்கத் தெரியாதென்று ஏய்க்கிறாய் என்று கத்தினேன். அவள் உள்ளே போய் மீதி நைட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. குழாயில் எடுத்த துணியை அதன்மேல் வைத்தாள். கிழிசலோடு கிழிசல் பொருந்தியது. பாதிப் பூ இதில், பாதிப் பூ அதில்.

ராத்திரி, காலை இரண்டு வேளையும் சாப்பிடவில்லை.

என்னை நானே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிறேன். சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது, தயிர் புளித்திருந்தது. திரும்பி வந்தது? பட்டறை வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. சல்லடையைக் கையில் எடுத்தது? எடுத்தேன், டீசல் சொட்டியது. துணியை உருவியது? குழாய் வாயில் சுட்டுவிரலைக் கொக்கி போட்டு உருவுவேன். உருவுகிற விரல் தெரிகிறது. ஆனால் அது 1988இல் கோபி வண்டி. மறுபடி பார்க்கிறேன், விரல் தெரிகிறது. அது பவானிக்காரர் வண்டி. ஐந்தாம் தேதிக்குத் தேடினால் அந்த இடத்தில் இருட்டுக்கூட இல்லை. இடமே இல்லை.

"உருவலியா அம்மணி நானு?" என்று கேட்டேன்.

"நோட்டுல இல்லீங்க மாமா," என்றாள்.

ஜூன் 16, திங்கள்

லோகுவிடம் சொன்னேன். பூங்கொடி பக்கத்தில் நின்றாள்.

அவன் முதலில் அவளைத்தான் பார்த்தான். "இத எல்லாமா எழுதி வெச்சிருக்க? ஏழாந்தேதி போன் பேசுனதயுமா?"

"மாமா சொன்னாரு, எழுதுனேன்."

"அப்பா, உட்டுருங்க. ஸ்டாண்டுல சொல்லியாச்சு. இப்பப் போயி நான்தான்னு சொன்னா நம்ம பட்டறைக்கு எவன் வண்டிய உடுவான்? மேஸ்திரிக்கு மூளை கலங்கிப் போச்சும்பான். ஊரு சிரிக்கோணுமா?"

"அங்க ஒருத்தன் பொழப்பு போச்சுடா."

"அவனுக்கு எங்கியாச்சும் சோலி கெடைக்கும். ஊரு பெருசு."

நான் அவனுக்கு எட்டு வயதில் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்த நாள், அவன் போட்டிருந்த கால்சட்டையின் நிறம், எல்லாம் தெரிகிறது. இன்று அவன் முகத்தைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். எங்கும் போகவில்லை. செருப்பில் செம்மண் எப்படி வந்தது என்று பூங்கொடி கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நோட்டை எடுத்து வந்து, ஐந்தாம் தேதியைப் படிக்கட்டுமா மாமா என்று கேட்டாள். ஐந்தாம் தேதியில் என்ன என்றேன். படித்தாள். யாரோ பாரால் அடிவயிற்றில் குத்தின மாதிரி இருந்தது. இப்படி ஒரு சேதியை ஏன் இத்தனை நாள் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன். இது நான்காவது தடவை என்கிறாள். ஒவ்வொரு தடவையும் இதையேதான் கேட்டேனாம்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் ஸ்டாண்டுக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பினேன். போய்ச் சொல்லிவிட்டேன். துணி என்னுடையது, அடைத்தவன் நான், எடுக்க மறந்தவன் நான், வெள்ளியங்கிரி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன்.

ராசப்பன் டீ வாங்கிக் கொடுத்தான். "மேஸ்திரி, லோகு எல்லாஞ் சொன்னான். சேலத்துல காட்டுறீங்களாமா. ஒடம்பப் பாத்துக்கங்க."

"ஒடம்பு கெடக்கட்டும். நான் சொல்றதுக்கு என்ன சொல்ற?"

"வளத்த பாசம், மேஸ்திரி. அவன் படற கஷ்டத்தப் பாத்துப் பழியத் தூக்கி உங்க தலமேல போட்டுக்கறீங்க. எங்களுக்குப் புரியாதா?"

"டேய், நான் பொய் சொல்லி நீ பாத்திருக்கயா?"

"பொய்யின்னு ஆரு சொன்னா? இன்னிக்கு என்ன கெழம, சொல்லுங்க பாக்கலாம்."

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்கள், ஒருவன் சிரித்துவிட்டான். டீ ஆறிப்போய்விட்டது. பன்னிரண்டாம் தேதி நான் சொன்னது அவர்களுக்குச் சத்தியம். அன்றைக்குச் சொன்ன வாயும் இதே வாய்தான். பொய் சொன்னபோது நம்பிவிட்டு உண்மை சொல்லும்போது டீ வாங்கிக் கொடுக்கிறார்கள்.

பூங்கொடி வந்து கூட்டிப்போனாள்.

ஜூன் 22, ஞாயிறு

வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போனோம், நானும் பூங்கொடியும். மலையடிவாரத்துப் பாதை, செம்மண். அவன் இப்போது ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். ஐம்பது வயதுக்கு மேல் மூட்டை. தோளில் துணியைச் சுற்றி வைத்திருந்தான், தோல் உரிந்திருந்தது.

காலில் விழப் போனேன். பிடித்துக்கொண்டான். "வேண்டாங்க மேஸ்திரி. பொதங்கெழமயே உழுந்துட்டீங்க."

எனக்குப் புரியவில்லை.

"பொதங்கெழம தனியா நடந்தே வந்தீங்க. அழுதீங்க. நான்தான் ரோடு வரைக்கும் கொண்டாந்து உட்டேன். நேத்தும் வந்தீங்க."

"நேத்தும் அழுதனா?"

அவன் பெண்டாட்டி ருக்மணி அடுப்படியிலிருந்து வந்தாள். "நேத்து அழுவுல. வாசல்ல நின்னு, துணி வெச்ச நாயே வெளிய வாடான்னீங்க. கல்லெடுத்தீங்க. பக்கத்துச் சனமெல்லாம் வேடிக்க பாத்துச்சு."

"ருக்கு, சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கோணும்? ஸ்டாண்டுல எம்புருசனத் தூக்கி எறியறப்ப மட்டும் இவுரு வாயி நல்லா வேல செஞ்சுதல்ல? இப்ப வந்து நாளுக்கொண்ணு சொன்னா நாங்க எதைய எடுத்துக்கறது?"

பூங்கொடி அவள் கையைப் பிடித்தாள். அவள் உதறிக்கொண்டாள்.

திரும்புமுன் வெள்ளியங்கிரி சொன்னான்: "நீங்க மனசறிஞ்சு பண்ணலீங்க. அது எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். எல்லாம் பாத்துட்டீங்களான்னு கேட்டனே, அப்பவே கீழ குனிஞ்சு ஒருக்கா நானும் பாத்திருக்கோணும். நீங்க பூட்டுனத நான் பாக்கறதான்னு உட்டுட்டேன். ஆனா இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சு என்னங்க ஆகோணும்? ஸ்டாண்டுக்குத் தெரியோணும். நீங்க சொன்னாலும் இனி ஆகாது, நான் சொன்னாலும் ஆகாது."

வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்லி ஒருவனைக் கெடுத்தால் உண்மையைச் சொல்லி மீட்கலாம். என்னிடம் உண்மை ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. நாளைக்கு மறுபடி கல்லோடு போவேன்.

"அம்மணி, நோட்டு பொய் சொல்லுமா?" என்று கேட்டேன்.

கையைப் பிடித்து என்னை எழுப்பிவிட்டு, "சொல்லாதுங்க மாமா," என்றாள். "நாளைக்கு நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். ஏழாந்தேதியையும் கிழிக்காமக் குடுக்கறேன்."

ஜூன் 23, திங்கள்

ராசப்பனுக்கும் ஸ்டாண்டில் இருக்கிற எல்லோருக்கும் நாச்சிமுத்து சொல்வது.

இந்த நோட்டை என் மருமகள் வெள்ளியங்கிரி கையில் கொடுக்கிறாள். இனி இது அவனுடையது. டாக்டருக்கு வேண்டுமானால் வேறு நோட்டு வாங்கிக்கொள்ளலாம். சேம்பர் இறக்கியது ஐந்தாம் தேதி. அன்று சாயங்காலமே, என்ஜின் நிற்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே, நான் துணி அடைத்ததை என் வாயால் சொல்லி எழுதியிருக்கிறது. எடுத்ததாகச் சொல்லவில்லை. அந்தத் துணியும் அது கிழிந்த நைட்டியும் நோட்டோடு வருகின்றன. பொருத்திப் பாருங்கள். பூங்கொடி தன் நைட்டியைப் பத்து ஆம்பளைகள் நடுவில் விரிக்கச் சம்மதித்திருக்கிறாள். அவள் புருஷன் காலையிலிருந்து அவளோடு பேசவில்லை. இதற்கு மேல் யார் என்ன சாட்சி சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பூங்கொடி ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கைநாட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் மை இல்லை. நாற்பத்திரண்டு பதினேழின் சேம்பரில் வடித்த எண்ணெய் வாளியில் கிடந்தது. அதில்தான் கட்டைவிரலைத் தொட்டேன். கறுப்பாகவே விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுக்கும், அது பேரிங் தூள்.

என்னைக் கூப்பிட்டு வைத்துக் கேட்காதீர்கள். கேட்டால், நான் துணி வைக்கவே இல்லை என்று சொன்னாலும் சொல்வேன். நெஞ்சறியச் சொல்வதாகத்தான் இருக்கும், அதனால் நம்பிவிடாதீர்கள். நாளைக்கே ஸ்டாண்டுக்கு வந்து, வெள்ளியங்கிரியைத் துரோகி என்று நான் கத்தினாலும் கத்துவேன். அப்போது டீ வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவனை நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் என்னை உட்காரவைத்து, எனக்கும் சேர்த்துப் படியுங்கள். ஐந்தாம் தேதிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.